டெல்வாவின் வாலும் டெல்வோவின் பெட்டியும்

டெல்வோ தொலைக்காட்சி நிறுவனம்
சட்டப் பிரிவு, ஹாமர்ஸ்மித், லண்டன்
9 ஜனவரி 2014

பெறுநர்: திரு. சிகர்ட் ஃபூபிஸ்டர், டெல்வா கருவிகள், சாண்ட்விக், ஆர்க்னி தீவு

ஐயா,

'டெல்வோ' எங்கள் நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகக்குறி. பிரிட்டன் முழுவதும் நாற்பது லட்சம் வீடுகளில் எங்கள் பெட்டியும் கைபேசிச் செயலியும் பயன்பாட்டில் உள்ளன. தாங்கள் 'டெல்வா' என்ற பெயரில் ஒரு பெட்டியும் செயலியும் விற்று வருவதாக அறிகிறோம். இரு பெயர்களும் கடைசி ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. பொதுமக்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ண இது இடம் கொடுக்கும்.

பதினான்கு நாட்களுக்குள் அப்பெயரைக் கைவிட்டு, செயலியையும் விலக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.

இப்படிக்கு,
ஹெஸ்டர் கார்டியூ
வழக்கறிஞர்

*

சாண்ட்விக், ஆர்க்னி
15 ஜனவரி 2014

மாட்சிமை பொருந்திய கார்டியூ அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அன்று அடித்த காற்றில் எங்கள் தபால்காரர் எட்வின் சைக்கிளோடு பறந்துபோய், அடுத்த பண்ணையில் இறங்கி, ஒரு தேநீர் குடித்துவிட்டு நடந்து வந்து கொடுத்தார். அந்தக் காற்றிலும் கடிதத்தில் ஒரு மடிப்புக் கலையவில்லை. அத்தனை விறைப்பு.

அம்மையாரே, டெல்வா தொலைக்காட்சி அல்ல. சினைப் பசுவின் வாலில் கட்டும் கருவி. கன்று ஈனும் வேளை நெருங்கினால் பசு வாலைத் தூக்கும் தினுசு மாறும். கருவி அதைக் கண்டுகொண்டு, பண்ணைக்காரரின் கைபேசிக்கு 'ஓடி வா' என்று தகவல் அனுப்பும். இதில் செய்தி கிடையாது, நாடகத்தொடர் கிடையாது, சமையல் போட்டியில் தோற்றவர் அழும் காட்சி கிடையாது. தங்கள் நாற்பது லட்சம் வீடுகளில் ஒரு வீட்டிலாவது தொலைக்காட்சிப் பெட்டியை மாட்டு வாலில் கட்டிப் பார்க்கிறார்களா என்று விசாரித்துச் சொல்லவும்.

எங்கள் நிறுவனத்தின் பிரம்மாண்டத்தையும் தாங்கள் அறிய வேண்டும். தலைவர் நான். மற்ற எல்லாத் துறைகளும் என் அக்காள் மகள் இங்கா. தலைமையகம் ஒரு பழைய கோழிக்கொட்டகை. தங்கள் கடிதத்தைப் படித்ததும் இங்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, இது விளையாட்டு இல்ல. ஒரு வக்கீலைப் பாருங்க" என்கிறாள். கர்க்வால் நகரில் ஒரு வக்கீல் இருக்கிறார். ஆனால், ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து தெருவில் ஒரு பந்துக்காக முட்டிமோதும் புத்தாண்டு ஆட்டத்தில், 1987இல், நான் அவர் மேல் விழுந்தேன். என்மேல் இன்னும் அறுபது பேர் விழுந்தார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே நானே வாதாடுகிறேன். பெயரை மாற்ற மாட்டேன்.

தங்கள் அடிபணியாத ஊழியன்,
சிகர்ட் ஃபூபிஸ்டர்

*

ஹாமர்ஸ்மித்
22 ஜனவரி 2014

ஐயா,

தங்கள் 15ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. காற்று பற்றிய விவரம் வழக்குக்குத் தொடர்பில்லாதது.

எங்கள் பொருளும் தங்கள் பொருளும் கைபேசியின் ஒரே செயலிக் கடையில், ஒரே தேடலில், அடுத்தடுத்து வருகின்றன. மக்கள் குழம்பவில்லை என்பது தங்கள் வாதமானால், அதற்குரிய சான்றை இம்மாதம் 31ஆம் தேதிக்குள் அனுப்பவும்.

ஹெ. கார்டியூ

*

சாண்ட்விக்
27 ஜனவரி 2014

மகா கனம் பொருந்திய அம்மையாருக்கு,

சான்றுதானே? இதோ, மூட்டையாக!

இத்துடன் எங்கள் கோழிக்கொட்டகைத் தொலைபேசி அருகில் தொங்கும் நோட்டுப் புத்தகத்தை அசலாகவே பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். கடந்த அக்டோபர் முதல் தங்கள் வாடிக்கையாளர்கள் 212 பேர் எங்கள் எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் ஏமாற்றவில்லை. "அம்மா, இது மாட்டுக் கம்பெனி" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் தொலைக்காட்சியைப் பழுது பார்த்தேன். மாதிரிக்குச் சில.

அக்டோபர் 19, பர்மிங்காம், திருமதி ஓக்லி. "திரை நீலமா இருக்குப்பா." "பின்னாடி ஒயரைப் பிடுங்கி, பத்து எண்ணிட்டு, மறுபடி சொருகுங்கம்மா." "வந்துருச்சு! மாட்டுக் கம்பெனிக்காரங்களே இவ்வளவு நல்லவங்கன்னா, மாடு எவ்வளவு நல்லதா இருக்கும்!"

நவம்பர் 3, லீட்ஸ், பெயர் சொல்லவில்லை. "ரிமோட்டைக் காணோம்." "சோபா இடுக்குல கைய விடுங்க." "அட, இருக்கு! உங்களுக்கு எப்படி அங்கேருந்து தெரியுது?" "எங்க மாட்டுக் கருவியே ரெண்டு தடவை அங்கதான் கிடந்துச்சு."

டிசம்பர் 25, பிரைட்டன், ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. மகாராணியின் கிறிஸ்துமஸ் உரை வரப்போகிறது, ஒலி வரவில்லை. தொலைபேசியை என் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் வைத்தேன். உரை முடியும்வரை இருவரும் நின்றுகொண்டே கேட்டோம்.

இந்த 212 பேரில் ஒருவராவது குழம்பிய நிலையில் தொலைபேசியை வைத்தாரா? எல்லாரும் தெளிந்துதான் வைத்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கிய கடிதத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

வெற்றித் திருமகளின் மடியிலிருந்து,
சிகர்ட் ஃபூபிஸ்டர்

*

ஹாமர்ஸ்மித்
30 ஜனவரி 2014

ஐயா,

நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நன்றி.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். இரு பெயர்களால் மக்கள் குழம்புகிறார்கள் என்று நிரூபிக்க, நிறுவனங்கள் ஆட்களை அமர்த்தி மாதக்கணக்கில் கடைத்தெருவில் நிறுத்தி வைக்கும். அப்படியும் பத்துப் பேர் கிடைத்தால் பெரிது. எதிர்த்தரப்பே 212 பேரின் ஊர், தேதி, உரையாடல் எல்லாவற்றையும் தன் கைப்பட எழுதி, பதிவுத் தபாலில் எங்களுக்கு அனுப்பி வைத்ததை நான் இதுவரை கண்டதில்லை.

அவர்கள் எப்படித் தொலைபேசியை வைத்தார்கள் என்பது கேள்வி அல்ல. தங்களுக்கு ஏன் அழைத்தார்கள் என்பதே கேள்வி.

இதன் அடிப்படையில் செயலிக் கடையில் புகார் பதிவு செய்துள்ளோம். தங்கள் செயலி இன்று மாலை நீக்கப்படும். தாங்கள் ஒரு வழக்கறிஞரை அமர்த்துமாறு பரிந்துரைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். யார் மேலும் விழாமல்.

ஹெ. கார்டியூ

*

சாண்ட்விக்
6 பிப்ரவரி 2014

அம்மையாரே,

மாட்சிமை, மகா கனம் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டைப் பற்றி இங்காவிடம் சொல்லாமல் அனுப்பியது என் குற்றம். அவள் தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமா, எதிராளிக்குக் கத்தியைச் செஞ்சு, கூரும் தீட்டி, தபால் தலையும் ஒட்டி அனுப்பியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மூன்று நாளாக என்னோடு கணினி வழியாகத்தான் பேசுகிறாள். இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அது என் தலைவிதி. ஆனால் பசுக்கள் என்ன செய்தன? 640 கருவிகள் 640 வால்களில் இருக்கின்றன. இந்த மாதம் கன்று ஈற்று தொடங்கி ஏப்ரல் முடியும்வரை போகும். பழைய கைபேசியில் செயலி ஓடும். புதுக் கைபேசி வாங்கினால் இறக்க முடியாது. ரௌசே தீவின் ஜீன் டிரீவருடைய கைபேசி சாணித் தொட்டியில் விழுந்தது. புதிதாக வாங்கியதில் 'டெல்வா' என்று தேடினாள். வந்தது தங்களுடையது. அதை இறக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். நேற்றுக் காலை தற்செயலாகத் தொழுவத்துக்குப் போனவள், பசு தவிப்பதைப் பார்த்து, செயலியில் இருந்த 'உதவி' பொத்தானை அழுத்தினாள். அழைப்பு எங்கே போனது என்று தங்கள் ஆட்களைக் கேளுங்கள்.

இதற்கு நான் சபிக்கிறேன். தங்கள் நாற்பது லட்சம் பெட்டிகளிலும் இரவு பகலாக ஆட்டுச் சந்தை ஏலம் மட்டும் ஓடட்டும். அதுவும் ஒலி இல்லாமல்.

சி. ஃபூபிஸ்டர்

*

ஹாமர்ஸ்மித்
11 பிப்ரவரி 2014

ஐயா,

எங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. திருமதி டிரீவரின் அழைப்பை முழுவதும் கேட்டேன். ஸ்வான்சீயில் உள்ள எங்கள் ஊழியர் டெஸ்மண்ட் பேசியிருக்கிறார். தங்கள் பார்வைக்கு ஒரு பகுதி:

"கால் தெரியுதுங்க. ஒண்ணுதான் தெரியுது."

"சரிங்க மேடம். திரையில எந்தப் பக்கம்?"

"திரையா? பின்பக்கம்யா, பின்பக்கம்!"

"பின்பக்கம் ஒயரெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க மேடம்."

"ஒயரா? தலை திரும்பிக் கிடக்குய்யா!"

"பதற்றப்படாதீங்க. பெட்டி எண் சொல்லுங்க."

"காது வில்லையில நாலு, ஒண்ணு, ஏழு."

"அந்த எண் எங்க கணக்குல இல்லையே. ஒரு தடவை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்களேன்."

இங்கே பதினோரு நொடி மௌனம்.

"தம்பி, உங்கம்மா உன்னைப் பெத்தப்போ அப்படித்தான் பண்ணாங்களா?"

பிறகு டெஸ்மண்டுக்கு விஷயம் புரிந்தது. "எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம். ஆனா லைன்லயே இருக்கேன்" என்றார். முப்பத்து நான்கு நிமிடம் இருந்தார். திருமதி டிரீவர் கைபேசியை வைக்கோல் மேல் வைத்துவிட்டு வேலையைச் செய்தார். டெஸ்மண்ட் அவ்வப்போது "மேடம்? மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில், "மூச்சு விடுதுப்பா" என்ற குரல். எங்கள் ஊழியர்கள் எந்த அழைப்பையும் ஒரு கேள்வியோடுதான் முடிக்க வேண்டும். டெஸ்மண்ட் அதையும் கேட்டார். "இந்த அழைப்பில் உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?"

"தீர்ந்துச்சுய்யா. அழகா நக்கிக்கிட்டு இருக்கா."

எங்கள் உரிமைக்குப் பங்கமில்லாமல், தங்கள் செயலியை ஏப்ரல் 30 வரை கடையில் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன். இன்று காலை வந்துவிட்டது.

ஒரு கேள்வி. எங்கள் பெயர் 2010 மே 3 அன்று பதிவானது. தாங்கள் 'டெல்வா' என்ற பெயரில் முதல் கருவியை விற்ற தேதி எது? அச்சான சான்று உண்டா? இதைக் கேட்பது என் வேலை. பதில் யாருக்குச் சாதகம் என்று சொல்வது என் வேலை அல்ல. இந்தக் கடிதத்தைத் தங்கள் அக்காள் மகளிடம் காட்டவும். சாட்சியத்தைக் கையெழுத்திட்ட வாக்குமூலமாக அனுப்பவும்.

ஹெ. கார்டியூ

*

சாண்ட்விக்
17 பிப்ரவரி 2014

மாட்சிமை திரும்பப் பெற்ற அம்மையாருக்கு,

செயலி வந்துவிட்டது. இங்கா வாய் திறந்து, "மாமா, தேநீர்?" என்று கேட்டாள். சாபத்தில் ஒலி இல்லாமல் என்ற பகுதியை நீக்குகிறேன். டெஸ்மண்டின் வீட்டுப் பெட்டிக்கு முழு விலக்கு.

வாக்குமூலம் இத்துடன் உள்ளது. பதினாறு பக்கம். ஒரே மூச்சில் எழுதினேன். இங்காவிடம் காட்டவில்லை. திருத்துவாள்.

சி. ஃபூபிஸ்டர்

*

ஹாமர்ஸ்மித்
24 பிப்ரவரி 2014

ஐயா,

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கள் கூற்றுப்படி 'டெல்வா' என்ற பெயர் வைக்கிங் கப்பல்களில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயருடைய பசு பதினோரு அடி உயரம். இரண்டாம் உலகப்போரில் கடற்படை முழுவதற்கும் பால் கொடுத்தது. அது இறந்தபோது எழுபதாயிரம் மாடுகள் மண்டியிட்டன. முதல் கருவி விற்ற தேதி "ஆதிகாலம்தொட்டு".

கடைசிப் பக்கத்தில் அச்சடித்த ஒரு வரி இருக்கிறது: "மேலே கூறியவை யாவும் உண்மை என நம்புகிறேன்." அதன் கீழே தாங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இதை நான் தாக்கல் செய்தால், தங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவளும் நானே. செய்வேன். நன்றாகவே செய்வேன். பசுவின் உயரத்தில் தொடங்குவேன். பதினைந்து நிமிடத்தில் தாங்கள் பெயரை இழப்பீர்கள்.

இன்னொன்று எழுதுங்கள். அந்த வரிக்கு மேலே நிற்கக்கூடியதை மட்டும். ஒரு பக்கம் போதும்.

ஹெ. கார்டியூ

*

சாண்ட்விக்
3 மார்ச் 2014

வாக்குமூலம்

என் பெயர் சிகர்ட் ஃபூபிஸ்டர். வயது அறுபத்தொன்று. மாடு வளர்க்கிறேன்.

டெல்வா ஒரு பசு. கறுப்பு. நடுத்தர உயரம்.

2006 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அது கன்று ஈனும் நிலையில் இருந்தது. வாலைத் தூக்கித் தூக்கி நடந்ததைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அன்று தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம். இடைவேளையில் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. தொழுவம் என் நாற்காலியிலிருந்து நாற்பது தப்படி. ஆட்டம் முடிந்து போனேன். கன்று தலைமாறிக் கிடந்தது. இரண்டும் இறந்திருந்தன.

அப்போது அபர்டீனில் வேலையில் இருந்த என் அக்காள் மகள் இங்கா மறுவாரம் வந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. "வாலை எப்படித் தூக்குச்சு மாமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கி, இரண்டு வருடத்தில் கருவியைச் செய்தாள். பெயர் வைத்தது நான்.

2008 ஆகஸ்ட் 9 அன்று கர்க்வாலில் நடந்த மாட்டுக் கண்காட்சியில் முதல் முறையாக விற்றோம். பதினொரு கருவி. அச்சிட்ட கண்காட்சிக் கையேட்டின் 31ஆம் பக்கத்தில் எங்கள் விளம்பரம் உள்ளது. கையேட்டை இணைத்திருக்கிறேன்.

வேறு பெயரில் விற்றாலும் கருவி வேலை செய்யும். எனக்கு இந்தப் பெயர்தான் வேண்டும்.

மேலே கூறியவை யாவும் உண்மை என நம்புகிறேன்.

சிகர்ட் ஃபூபிஸ்டர்

*

ஹாமர்ஸ்மித்
8 ஏப்ரல் 2014

அன்புள்ள திரு. ஃபூபிஸ்டர்,

தங்கள் வாக்குமூலத்தில் குறுக்கு விசாரணைக்கு இடமில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி எனக்கு நேர்வது இரண்டாவது முறை.

நேற்று எங்கள் இயக்குநர் குழு கூடியது. கையேட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் மேசையில் வைத்தேன். நடந்த பேச்சைத் தாங்கள் அறிவதில் தடையில்லை என்று தலைவரே சொல்லிவிட்டார்.

"இந்த நோட்டு நம்ம ஆதாரம்தானே ஹெஸ்டர்?" என்றார்.

"ஆமாங்க. ஜனங்க குழம்பறாங்கன்னு இது சந்தேகமில்லாம நிரூபிக்குது."

"அப்புறம் என்ன?"

"அவங்க நமக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சந்தையில இருக்காங்க. ரெண்டாவதா வந்தவங்க நாம. குழப்பம் நம்மாலதான்னு நம்ம செலவுலயே நிரூபிச்சிருக்கோம்."

"அப்ப யாரு பேரை மாத்தணும்?"

எட்டு நொடி மௌனம். திருமதி டிரீவரைவிட மூன்று நொடி குறைவு.

பிறகு டெஸ்மண்டின் பதிவைப் போட்டுக் காட்டினேன். "மூச்சு விடுதுப்பா" என்ற இடத்தில் எங்கள் நிதி இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

ஒப்பந்தம் இத்துடன் உள்ளது. வால் உள்ளவற்றுக்கு டெல்வா, வால் இல்லாதவற்றுக்கு டெல்வோ. எங்களுக்கு வரும் அழைப்பில் கால், தலை, மூச்சு ஆகிய சொற்கள் கேட்டால், ஊழியர் எதையும் அணைத்துப் போடச் சொல்லாமல் உடனே தங்கள் எண்ணுக்கு இணைக்க வேண்டும். இதை அட்டையில் அச்சிட்டு எல்லா மேசைகளிலும் ஒட்டிவிட்டோம். அட்டையின் வாசகம் டெஸ்மண்டுடையது. எங்கள் வாடிக்கையாளர்கள் தங்களை அழைத்தால் தாங்கள் எங்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற ஏழாம் பிரிவில் மட்டும் தங்கள் ஒப்புதல் தேவை.

நோட்டுப் புத்தகத்தை நலமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

ஹெஸ்டர் கார்டியூ

பி.கு.: இங்கும் நேற்று நல்ல காற்று. ஜன்னலைத் திறந்த எங்கள் நிதி இயக்குநர் கோப்புகளோடு தேம்ஸ் நதியைத் தாண்டிப் பறந்துபோய், எதிர்க்கரையில் ஒரு திருமண விருந்தில் இறங்கி, இரண்டு முறை நடனமாடிவிட்டுத் திரும்பினார். இந்தப் பத்திக்குக் கீழே நான் கையெழுத்திடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

*

சாண்ட்விக்
14 ஏப்ரல் 2014

மாட்சிமையும் மகா கனமும் வட்டியோடு திரும்பப் பெற்ற ஹெஸ்டர் அம்மையாருக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். ஏழாம் பிரிவை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். பர்மிங்காம் ஓக்லியம்மா வாரம் ஒருமுறை அழைக்கிறார். திரையில் ஒரு பழுதும் இல்லை. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அவரை எங்கே திருப்பிவிடுவது?

தங்கள் நிதி இயக்குநர் பறந்ததை எட்வினிடம் படித்துக் காட்டினேன். "இரண்டு நடனம்தானா? நல்ல காற்றுன்னா மூணு ஆடலாமே" என்று தொழில் முறையில் ஐயம் எழுப்பினார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை கால்பந்து அரையிறுதி. எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஆட்டம் பார்க்க உட்கார்ந்தேன். தங்கள் டெல்வோ பெட்டியில்தான். இங்கா வாங்கி வைத்திருக்கிறாள், சமாதானத்துக்காக. கைபேசியை முழங்கால்மேல் வைத்திருந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம், சம நிலை, எங்கள் ஆள் கோலுக்கு நேராகப் பந்தோடு ஓடுகிறான். கைபேசி அடித்தது.

எழுந்தேன். நாற்பது தப்படி. இந்த முறை இருபதுதான் ஆனது என்று நினைக்கிறேன். இடது முன்னங்கால் மடங்கியிருந்தது. இங்கா வாலைப் பிடித்துக்கொண்டாள், நான் காலை நிமிர்த்தினேன். கிடாரிக் கன்று. கறுப்பு. நடுத்தர உயரம். நான் இதை எழுதும்போது தாய் மடியை முட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பந்து கோலுக்குள் போனதா என்று எனக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

மேலே கூறியவை யாவும், எட்வின் பேச்சு உட்பட, உண்மை என நம்புகிறேன்.

சிகர்ட் ஃபூபிஸ்டர்